வண்டிக்கு எடுத்த அளவு

என் வலது புறங்கையில், கட்டை விரலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. கடைக்கு வருகிற பையன்கள் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வெல்டிங்ல சுட்டுகினியா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். சைலன்சர் கடையில் உட்கார்ந்திருக்கிறவள் கையில் தழும்பு இருந்தால் அதற்கு மேல் யாரும் துருவுவதில்லை. உண்மையில் அது வெல்டிங்கில் பட்டதில்லை. நானும் என் வீட்டுக்காரரும் பத்து நாள் பாடுபட்டு வளைத்த ஒரு குழாய், ஒரு திங்கட்கிழமை காலையில் போட்ட தழும்பு அது.

எங்கள் கடை திருத்தணியில், அரக்கோணம் போகிற சாலையில் இருக்கிறது. வீடும் கடையை ஒட்டித்தான். பைக்குகளுக்கு சைலன்சர் வேலை. இன்ஜினிலிருந்து புகையை வாங்கி சைலன்சரில் கொண்டுபோய் விடுகிற வளைந்த குழாய்க்குக் கடை வழக்கில் பெண்ட் பைப் என்று பெயர். கம்பெனி கொடுத்த பெண்ட் பைப்பில் திருப்தி இல்லாத பையன்கள் இருக்கிறவரை எங்களுக்குச் சோறு உண்டு. கனகம்மாசத்திரத்திலிருந்துகூட வருவார்கள். ஒருத்தனுக்கு அது இன்ஜினைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஒருத்தனுக்கு மேலே ஏறிப் போக வேண்டும். காது கிழிகிற சத்தம் வேண்டும் என்று கேட்பவனை மட்டும் நான் திட்டி அனுப்பிவிடுவேன். "வர்ற கிராக்கிய எல்லாம் நீயே தொரத்து" என்று அவர் முனகுவார். முனகட்டும்.

நான் கடைக்கு வந்து சேர்ந்ததே என் கோபத்தால்தான். கே.ஜி.கண்டிகையில் அம்மா வீட்டில் இருந்த காலத்திலும், கல்யாணத்துக்குப் பிறகும் சேர்த்து ஆறு வருஷம் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனேன். கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைப் பலகையில் ஆணிகளுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கட்டுகிற வேலை. எது எதைச் சுற்றிப் போனால் எங்கே இடிக்கும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. அந்த வேலையை விட்ட புதிதில் ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது, அவர் ஒரு பைக்கின் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒரு கம்பியை வளைத்து அளவெடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ட் பைப் போக வேண்டிய வழியில் முதலில் கம்பியை வளைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்; அப்புறம் அந்தக் கம்பியைப் பார்த்துக் குழாயை வளைக்க வேண்டும். அவர் கம்பி பெடலில் இடித்தது. திருப்பினால் ஸ்டாண்டில் இடித்தது. கால் மணி நேரம் பார்த்தேன். பொறுக்க முடியாமல் பிடுங்கி நானே வளைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து கம்பி என்னுடையது, குழாய் அவருடையது. அவர் கொஞ்சம்கூட ரோஷப்படவில்லை. "இத்த மொதல்லயே சொல்லியிருந்தா கம்பெனிக்கே அனுப்பியிருக்க மாட்டேனே" என்றார்.

இனி பாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்பா என்றால் குழந்தை இல்லை, முப்பது வயது. அவருடைய தங்கை, எங்களோடு இருக்கிறாள். வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் பாப்பா. தலை நரைத்தாலும் அப்படித்தான் கூப்பிடுவோம். சின்ன வயதில் அவள் முதுகில் ஒரு கட்டியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு வலது காலில் முட்டிக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கிள்ளினாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. இடது காலில் உணர்ச்சி உண்டு, பலம்தான் குறைவு. கைத்தடி ஊன்றி வீட்டையும் தெருவையும் சமாளிப்பாள். தூரம் போவதென்றால் அண்ணன் பைக்தான். பஸ் படி அவளுக்கு மலை. ரயிலுக்குப் போனால் மேம்பாலம் ஏற வேண்டும். மூன்று சக்கர வண்டிக்கு எழுதிப் போட்டிருந்தோம். வரிசையில் இருக்கிறது என்றார்கள், வரிசை நகர்வதாகத் தெரியவில்லை.

பைக்கில் அவளை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வைத்து, ஒரு பழைய துப்பட்டாவால் அவள் இடுப்பையும் அவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டுவோம். கட்டுவது நான், முடிச்சை இழுத்துப் பார்ப்பது அவர். நாங்கள் கட்டி முடிக்கிறவரை பாப்பா தெருவைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு கிருத்திகை அன்று, அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து இருவரும் வந்துகொண்டிருந்தார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் காவடிக் கூட்டம். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்திருக்கிறது. அதில் எப்போதோ பாப்பாவின் வலது கால் ஃபுட்ரெஸ்டிலிருந்து நழுவி சைலன்சரின் மேல் உட்கார்ந்துவிட்டது. ரப்பர் கருகும் வாசனை வந்ததாம். கூட்டத்தில் எரிகிற கற்பூரத்தோடு எதையோ சேர்த்துக் கொளுத்துகிறார்கள் என்று இருவரும் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

வாசலில் இறக்கிவிடப் போனேன். பாப்பா சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணி, செருப்பு எங்கியோ ஒட்டிகினா மாரி கீது, பாரு."

செருப்பு மட்டும் ஒட்டியிருக்கவில்லை. அதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. புண் ஆற நாலு மாதம் ஆனது. தினமும் காலையில் கட்டுப் பிரித்து மருந்து போட்டேன். பாப்பா ஒருதரம்கூட முகம் சுளிக்கவில்லை, வலித்தால்தானே சுளிப்பாள். சுளித்ததெல்லாம் நானும் அவரும்தான். ஊரில் பாதி வண்டிக்கு சைலன்சர் மாட்டிய மனிதர், தன் வண்டி சைலன்சரைக் கண்ணெடுத்துப் பார்க்க முடியாமல் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு வைத்திருந்தார். கடைசிக் கட்டைப் பிரித்த அன்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இதே இடத்துல சுட்டுச்சுன்னா காலைக் காப்பாத்தித் தர முடியாதும்மா." பாப்பாவை பைக்கில் ஏற்றுவதில்லை என்று அன்றே அவர் முடிவு செய்துவிட்டார்.

வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. அரக்கோணத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், வருகிறவர்களின் பெயர் விவரத்தைக் கம்ப்யூட்டரில் பதிந்து சீட்டுக் கொடுக்கும் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், தரைத்தளம், படி கிடையாது. பாப்பாவுக்கென்றே செய்து வைத்த மாதிரி வேலை. பத்து நாள் கழித்துத் திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். தினமும் ஆட்டோவில் போய் வந்தால் சம்பளத்தை ஆட்டோக்காரரிடமே கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

"வோணாம் பாப்பா" என்றார் அவர். "ஒருவாட்டி பட்டதே போதும்."

"அப்ப நா இன்னா பண்ணட்டும்ணா? இங்கியே உக்காந்துகினு ஜன்னல் கம்பிய எண்ணிகினு இருக்கட்டுமா?"

"காலு போச்சுன்னா?"

"போனா போவுது. அது இருந்துகினு மட்டும் எனக்கு இன்னா சொல்லுது? சுட்டா சொல்லுதா, குத்துனா சொல்லுதா?"

அவர் அடி வாங்கின மாதிரி நின்றார். பாப்பாவுக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் அழுதால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் சுபாவம். "ஊருல இருக்கறவனுக்கெல்லாம் சைலன்சர வளைச்சு வளைச்சு மாட்றீங்களே, வூட்டு வண்டிக்கு வளைக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் வெளியே போய் சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு வண்டியின் முன்னால் குந்தினார். குழாய் போகிற வழியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னார்: "லெஃப்ட்ல கொண்டாந்துடலாம்மே. எடது காலுக்குத்தான் சூடு தெரியுமே அவளுக்கு. பட்டா எடுத்துக்குவா."

எங்களுக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. வலது காலுக்குத் தெரியாது, இடது காலுக்குத் தெரியும். அப்படியென்றால் சைலன்சர் இடது பக்கம் போகட்டும். இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

அடுத்த நாளே ஆரம்பித்தோம். பெண்ட் பைப் இன்ஜினுக்கு முன்னால் இறங்கி, அடியில் குறுக்கே புகுந்து, இடது பக்கம் வெளியே வர வேண்டும். போகிற வழியில் ஆயில் போல்ட்டை மறைக்கக் கூடாது, கியர் மிதியில் இடிக்கக் கூடாது, சைடு ஸ்டாண்டு மடங்க இடம் விட வேண்டும். நான் கம்பியோடு தரையில் படுத்துவிட்டேன். சாலையில் போகிறவர்களுக்கு என் கால் மட்டும்தான் தெரியும். இரண்டு நாளில் மூன்று கம்பி வீணானது, நாலாவது உட்கார்ந்தது.

குழாய் வளைப்பது சமையல் மாதிரிதான், அவசரப்பட்டால் கெட்டுவிடும். வெறும் குழாயைச் சூடுபண்ணி வளைத்தால் வளைகிற இடத்தில் நசுங்கிப் போகும். அதனால் உள்ளே மணலை நிரப்பி, இரண்டு வாயிலும் மரக்கட்டை அடித்து மூடிவிட்டுத்தான் வளைப்போம். மணலில் பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் ஆவியாகிக் கட்டையைப் பிய்த்துக்கொண்டு அடிக்கும். மணலைச் சலித்து, கடையில் அதற்கென்றே இருக்கிற இரும்பு வாணலியில் ரவை வறுக்கிற மாதிரி நான்தான் வறுப்பேன். பிறகு அவர் குழாயை நிறுத்திப் பிடிக்க, நான் மணலைக் கொட்டக் கொட்ட, வெளியே ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே இருப்பார். முதலில் கலகலவென்று கேட்கும். நிரம்ப நிரம்பச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்து, கடைசியில் சுவரைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும். அப்போதுதான் அவர் போதும் என்பார்.

முதல் குழாய் கெட்டது. மனுஷருக்கு அவசரம். குழாய் முழுசாகச் சிவக்கிற வரை பொறுக்காமல் இழுத்துவிட்டார். உள்வளைவில் தோல் சுருங்கின மாதிரி மடிப்பு விழுந்தது. மற்ற வண்டியாக இருந்தால் அதைத் தட்டிச் சரி செய்திருப்பார். இதைத் தூக்கிப் பழைய இரும்பில் போட்டார். இரண்டாவது குழாயில் நெருப்பை மெதுவாக ஏற்றிக்கொண்டு வந்தார். குழாய் பழுத்த ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் நான் கம்பியைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, கம்பியைப் பார்த்துப் பார்த்து அவர் வளைத்தார். ஆறிய பிறகு மணலைக் கொட்டிவிட்டுக் கையால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு மேடு பள்ளம் இல்லை. பதினைந்து வருஷத்தில் அவர் வளைத்ததிலேயே அழகான வளைவு அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அந்தப் பத்து நாளும் பாப்பா கடையிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புதுப் புடவை. அதற்கு ஓரத்தில் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். வேலையில் சேருகிற அன்று கட்டிக்கொள்ள எடுத்தது. அவள் வீட்டில் எப்போதும் சுடிதார்தான். நல்ல நாளில் புடவை கட்டிக்கொள்ளட்டுமே என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சைலன்சரை இடது பக்கம் மாட்டும்போது ஒரு இடைஞ்சல் வந்தது. பைக்கின் இடது பக்கத்தில், பின் சக்கரத்துக்கு வெளியே, கம்பிக் கூண்டு மாதிரி ஒன்று இருக்குமே, சாரி கார்டு, அதன் அடியில் பெண்கள் கால் வைத்துக்கொள்ள ஒரு தட்டும் இருக்கும். அது சைலன்சர் வருகிற இடத்தில் இருந்தது. "கழட்டுங்க அத்த" என்றேன். நான் ஸ்பேனரால் பிடிக்க, அவர் மறுபக்கம் திருகினார்.

பாப்பா ஊசியை நிறுத்திவிட்டு, "அண்ணி, அத்த எடுத்துட்டா..." என்று ஆரம்பித்தாள்.

ஸ்பேனர் நழுவி என் விரலில் அடித்தது. "செத்த சும்மா இரு பாப்பா, நானே கடுப்புல கீறேன்" என்றேன். அவள் மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டாள். சாரி கார்டைத் தூக்கி அந்தக் கெட்டுப்போன குழாயின் மேல் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கிளப்பினோம். சத்தம் கும்மென்று சுத்தமாக இருந்தது. எதிர் டீக்கடையிலிருந்து, "இன்னாபா, சைலன்சர் பக்கம் மாறிப் போச்சு?" என்று கேட்டார்கள். "எங்க வூட்டு வண்டி, எங்க பக்கம் இருக்கட்டும்" என்று நான் பதில் கொடுத்தேன். பாப்பாவை உட்கார வைத்தும் பார்த்தோம். வழக்கம்போல இரண்டு பக்கமும் கால் போட்டு, துப்பட்டாவைக் கட்டி. வலது பக்கம் காலுக்கு எட்டுகிற தூரத்தில் ஒன்றுமே இல்லை. அவர் அந்த வெற்றிடத்தில் கையை விட்டு ஆட்டிக் காட்டினார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் நானே பாப்பாவுக்குப் புடவை கட்டிவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவர் அதற்குள் மலை அடிவாரம் வரை போய் முருகனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, பூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் இன்ஜினை அணைக்காமல், வண்டியில் உட்கார்ந்தபடியே, "நேரமாவுது, வாங்க வாங்க" என்றார். நான் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் இன்னொரு கையில் அந்தத் துப்பட்டாவுமாகப் பின்னால் வந்தேன்.

பாப்பா வண்டியின் இடது பக்கமாகப் போனாள். கைத்தடியை என்னிடம் கொடுத்தாள். திரும்பி நின்று, அண்ணன் தோளில் ஒரு கையும் சீட்டில் ஒரு கையுமாக ஊன்றி, எம்பி, ஒருபக்கமாக உட்கார்ந்தாள். புடவை கட்டின பெண்கள் எல்லாரும் பைக்கில் உட்காருகிற மாதிரி. ஒரு தடுமாற்றம் இல்லை. மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் மெய்மறந்து நின்றுவிட்டேன்.

பிறகுதான் அவள் காலைப் பார்த்தேன். கால் வைக்கத் தட்டு இல்லை, அதைத்தான் நாங்கள் கழற்றிவிட்டோமே. இரண்டு காலும் இடது பக்கம் தொங்கின. ஒருபக்கமாக உட்கார்ந்தால் வலது கால்தான் முன்னால் வரும். பெண்ட் பைப் வந்து சைலன்சரில் சேருகிற, சூடு அதிகமாக இருக்கிற இடத்துக்கு நேரே. இடது கால் எங்கேயோ ஃபுட்ரெஸ்டைப் பிடித்துக்கொண்டது. வலது கால் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு.

பையையும் தடியையும் எறிந்துவிட்டுக் கையை உள்ளே கொடுத்தேன். அவள் கால் என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. என் புறங்கை குழாயில் உட்கார்ந்தது. காலைத் தூக்கி வெளியே எடுக்கிறவரை கையை எடுக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே எழுந்துவிட்டது.

அவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார். என் கையைப் பார்த்தார், பாப்பாவின் காலைப் பார்த்தார், கீழே குழாயைப் பார்த்தார். புரிந்த நொடியில் அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. "காலுக்கு ஒண்ணும் ஆவலங்க" என்று முதலில் அதைத்தான் சொன்னேன். செருப்பின் ஓரம் மட்டும் லேசாக உருகியிருந்தது.

கையை ஒரு பக்கெட் தண்ணீரில் விட்டுக்கொண்டு நான் நிற்க, டீக்கடைக்காரர் ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தார். முதல் நாளே தாமதமாகப் போகக் கூடாது. நானும் பாப்பாவும் ஏறிக்கொண்டோம். கையில் ஈரத்துண்டு. பாப்பா என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஊதிக்கொண்டே வந்தாள். ஊரைத் தாண்டினோம். வலியில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஒருபக்கமா உக்காரப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா பாப்பா?"

"எப்டியும் உக்காருவேன்னு தெரியாதா அண்ணி? பொடவ எடுத்தனே. பொடவய கட்டிகினு ரெண்டு பக்கமும் காலு போட்டா எப்டி உக்காருவாங்க?"

இருபது வருஷம் புடவை கட்டிக்கொண்டு இவர் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனவள் நான். அந்தத் தட்டில் கால் வைத்துக்கொண்டுதான் போனேன். அதைக் கழற்றச் சொன்னதும் நான்தான்.

"மூணு மாசமா பழகறேன்" என்றாள் அவள், என் கையைப் பார்த்துக்கொண்டே. "நீங்க ரெண்டு பேரும் கடையில வேலையா இருக்கும்போது, சும்மா நிக்கிற வண்டி மேல ஏறி ஏறி உக்காந்து பாப்பேன். துப்பட்டாவுல கட்டிகினு போறது, சந்தைக்கு மூட்ட போற மாரி கீது அண்ணி. வேலைக்குப் போம்போதாவது பொம்பள மாரி போலாம்னு பாத்தேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தேன். நீ கடுப்புல இருந்த." குரல் உயராமல் சொன்னாள்: "பத்து நாளா கம்பிய வண்டிக்கு வெச்சு வெச்சு பாத்திங்க அண்ணி. ஒருவாட்டி என்னக் கூப்ட்டு வெச்சிங்களா?"

நான் அழுதேன். கை எரிச்சலுக்கு அழுகிறேன் என்று ஆட்டோக்காரர் நினைத்திருப்பார். நாலு மாதம் அந்தக் காலுக்கு மருந்து போட்டவள் நான். அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, காலுக்கு மேலே ஒரு பெண் இருக்கிறாள் என்பதைப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கி, தடியை வாங்கிக்கொண்டு, "மருந்து போட்டுக்கோ அண்ணி" என்று எனக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய்விட்டாள்.

அன்று அவர் கடை திறக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது இடது பக்கத்துச் சைலன்சர் ஏற்கெனவே கழன்று தரையில் கிடந்தது. ஆட்டோவில் நடந்த பேச்சைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில், "வுழுந்துட்டா இன்னாமே பண்றது?" என்றார். அவருடைய பயத்தையும் தப்பு சொல்ல முடியாது.

சாயங்காலம் பாப்பா வந்ததும் அவளையே கேட்டோம். "கட்டாம உக்காந்து காட்டறேன், ஓட்டிப் பாருண்ணா" என்றாள். ஆறின வண்டி, கம்பெனி கொடுத்த பழைய பெண்ட் பைப் மறுபடி வலது பக்கம் மாட்டியிருந்தது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் இரண்டு காலும் இடது பக்கம். சூட்டுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பைக்கே இருக்கிறது. பத்து நாள் நாங்கள் செய்த வேலைக்கு அவசியமே இருந்திருக்கவில்லை. சாரி கார்டைப் பழைய இரும்பிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டினோம். அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தாள். அவர் தலையில் தண்ணீர்க் குடம் வைத்தவர் மாதிரி ஓட்டினார். அவள் ஆடவில்லை, அசையவில்லை. ஒரே ஒரு குறைதான்: வலது கால் தட்டின் ஓரத்துக்கு நழுவினால் அவளுக்குத் தெரியாது. கீழே தொங்கினால் சாலையில் உரசும்.

நான் கம்பியை எடுத்தேன். வலது கையில் கட்டு, இடது கையால்தான் வளைக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை பாப்பா வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். "இன்னும் செத்த வெளிய அண்ணி. ஆங், அங்க. முன்னால ஒசரமா இருக்கட்டும், அங்கதான் நழுவும்" என்று அவள் சொல்லச் சொல்ல வளைத்தேன். தட்டைச் சுற்றி, இரண்டு காலையும் அணைத்த மாதிரி ஒரு வளைவு. அவர் அந்தக் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு போய், பத்து நாள் பாடுபட்டு வளைத்த அந்த அழகான குழாயை எடுத்து வந்தார். கம்பியை அதன்மேல் வைத்துப் பார்த்தார். வளைவு கிட்டத்தட்டப் பொருந்தியது. ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, அத்த ஏங்க அறுக்கறீங்க?" என்றேன்.

"அவளுக்காகத்தான வளைச்சேன்?" என்றார், தலை நிமிராமல்.

அந்தத் துண்டைத் தட்டோடு சேர்த்து வெல்டிங் வைத்து, மேலே ரப்பர் சுற்றினோம். செவ்வாய்க்கிழமையும் ஆட்டோதான். புதன்கிழமை பாப்பா பைக்கில் வேலைக்குப் போனாள். வேறு ஒரு புடவை, என்னுடையது. துப்பட்டாவை நான் உள்ளே மடித்து வைத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குக் கடையில் கை ஓடவில்லை. சாலையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்த்தேன்.

சாயங்காலம் வந்தார்கள். பாப்பா தானாக இறங்கினாள். தடியை வாங்கிக்கொள்ளாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முகம் கொள்ளாத சிரிப்பு. "இன்னா பாப்பா, வேல எப்டி?" என்று கேட்டேன். வேலையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

இத்தனை வருஷமாக அவள் வண்டியில் போனால் பார்க்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள், இல்லாவிட்டால் துப்பட்டாக் கட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனதுதான்.

"மூணு பேரு கத்தினாங்க அண்ணி" என்றாள், மூன்று விரலைக் காட்டி. "பஸ்ல உக்காந்துகினு ஒரு அம்மா, அப்பறம் ஒரு பூக்கார ஆயா, அப்பறம் பின்னால வண்டியில வந்த ஒரு ஆளு. மூணு பேரும், 'எம்மா, முந்தானய எடுத்து சொருகும்மா, சக்கரத்துல மாட்டிகப் போவுது'ன்னு கத்தினாங்க. என்னப் பாத்து!"